குணரட்ணத்துக்கு ஒரு பூசை

நீ சன்னல் பக்கமே இரும்மா, எனக்குக் காத்து ஒத்துக்காது. இப்ப ஒரு பெரிய கேட்டு போச்சே, போலீஸ்காரர் நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தாரே, அதைப் பாத்துத்தான கேட்ட? அதான் அகதி முகாம். சிலோன்காரவுக இருக்காக. இன்னும் இருக்காக. அதுக்குள்ளயே பொறந்து அதுக்குள்ளயே கல்யாணம் முடிச்ச பிள்ளைகள்லாம் இருக்கு.

சரியான ஆள்கிட்டதான் கேட்டிருக்க. எங்க ஊர்ல அந்தச் சனத்துக்கு மொதமொத வீட்டைத் தொறந்துவிட்டவ நான்தான். நம்பலைன்னா கோரவலசையில இறங்கி யாரை வேணும்னாலும் கேளு, பெர்பெத்து வீடு எதுன்னு. பங்குச் சாமியாரு பிரசங்கத்துலயே என் பேரைச் சொன்னாக. பொதுவா ‘ஒரு தாய்’னு சொல்லல, பேரைச் சொல்லியே சொன்னாக. கோயில் நிறைஞ்ச சனம், எல்லாரும் திரும்பிப் பாக்குது. எனக்கு முக்காட்டை எங்கிட்டு இழுத்துவிடுறதுன்னு தெரியல.

அப்படிப்பட்டவளுக்கு என்ன மரியாதை கிடைச்சுதுன்னு சொல்றேன், கேக்கிறியா? உனக்கு இறங்கிற இடம் தூரந்தான?

தொண்ணூறாம் வருசம். அங்க சண்டை திரும்பவும் பிடிச்சு, போட்டுக்காரன்லாம் சனத்தை அள்ளிட்டு வந்து மணல்ல இறக்கிவிட்டுட்டுத் திரும்பிப் போயிருவான். விடியக்காலை கரைக்குப் போனா பொட்டியும் மூட்டையுமா உக்காந்திருக்கும். ஒண்ணு தண்ணி கேக்கும், ஒண்ணு பாதையைக் கேக்கும். எங்க வீட்டுக்காரரு சந்தியாகு வள்ளம் வச்சிருந்தாக. அவுக கரைக்கு வர்ற நேரத்துக்கு நான் கூடையோட போவேன். அப்படிப் போன ஒருநாள் பாத்தேன். எல்லாரும் ஊரைப் பாத்து நடக்கிறாக, ஒருத்தி மட்டும் கடலைப் பாத்து உக்காந்திருக்கா. மடியில ஒரு பொம்பளைப் பிள்ளை தூங்குது. சேலையெல்லாம் உப்புத்தண்ணி.

“ஏத்தா, எந்திரி. பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கிரும்”னேன்.

“அவர் பின்னால வாறார் அக்கா. அடுத்த வள்ளத்தில. நான் இங்க இருந்தாத்தான் அவருக்குக் கண்டுபிடிக்க லேசு.”

மன்னார்ப் பக்கத்துக்காரி. பேரு தவமலர். பிள்ளை பேரு நிரோஜா. புருசன் குணரட்ணம். போட்டுக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போன எடத்துல பட்டாளத்துக்காரன் நிறுத்தி வச்சுக்கிட்டானாம். ‘நீ பிள்ளையைக் கூட்டிட்டு முன்னால போ, நான் எப்படியும் வந்திருவேன்’னு ஆள்கிட்டச் சொல்லிவிட்டிருக்கான். அதை நம்பி இவ ஏறி வந்துட்டா.

கூட்டிட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு சத்தம் போட்டாக. “இருக்கிறதே ரெண்டு அறை, இதுல எங்கடி வைப்ப?” வலை போட்டு வைக்கிற அறையில இருந்த வலை, மிதவை எல்லாத்தையும் நானே தூக்கி வெளிய போட்டேன். “இப்ப மூணு அறை”ன்னேன். பிறகு சாமியாரு தாசில்தார்கிட்டப் பேசி, போலீசுல பதிஞ்சு, என் பொறுப்புல விட்டாக.

என் சேலைதான் கட்டுனா. என் தட்டுலதான் சாப்பிட்டா. பொய் சொல்லக் கூடாது, கூடப்பொறந்தவ மாதிரிதான் வச்சிருந்தேன். எனக்கு ரெண்டும் பயலுக, வீட்டுல பேச்சுக்கு ஒரு பொம்பளை கிடையாது. இவுக கடலுக்குப் போனா நான் சுவத்தோட பேசுறவ. அவ வந்த பிறகு வீடே வேற மாதிரி ஆகிப்போச்சு. மீன் குழம்புல தேங்காப்பால் ஊத்துவா பாரு, என் பயலுக என் குழம்பைத் தொட மாட்டேன்னுட்டானுக. சாயங்காலம் நான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். இடுப்புக்குக் கீழ தொங்குற முடி. பின்னிவிட்டுட்டு ஒரு பூவை வச்சுவிட்டா, அப்படியே அசையாம உக்காந்திருப்பா.

இந்துச்சிதான் அவ. ஆனா கோயிலுக்குக் கூப்பிட்டா ஒரு வார்த்தை எதுத்துச் சொல்ல மாட்டா. “நாங்களும் மடு மாதா கோயிலுக்குப் போறனாங்கள் அக்கா. மாதாவுக்கு நேந்துதான் இவளே பிறந்தவள்”னா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். முன்னால எங்க மாதா சபை பொம்பளைகளோட உக்காரச் சொன்னா உக்கார மாட்டா, கதவோரத்துலதான் உக்காருவா. அதுகூட பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. தினம் விடிஞ்சா கரைக்கு ஓடிருவா.

மழையோ காத்தோ, போயி நிப்பா. போட்டு வந்தா ஓடி ஒவ்வொரு ஆளா முகத்தைப் பாப்பா. வரலைன்னா அங்கனயே உக்காந்திருப்பா. கரையோரம் கடைசி வீடு சைத்தூன் வீடு. பள்ளிவாசல் தெரு அதோட முடியுது. சைத்தூனோட மதில்ல சாஞ்சுதான் இவ உக்காருவா. எங்க ஊர்ல மாதா தெரு, பள்ளிவாசல் தெரு, காளியம்மன் கோயில் தெரு எல்லாம் அடுத்தடுத்துதான், யாரும் யாருக்கும் அந்நியமில்ல. ஆனா சைத்தூன் ஒரு மாதிரி. யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டா. அவ தம்பி ஒருத்தன் கடலுக்குப் போனவன் திரும்பவே இல்ல. வருசக்கணக்காகியும் அவன் சட்டையை எடுத்துத் துவைச்சுத் துவைச்சு மடிச்சு வைப்பா. அதைப் பாத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டு கடுங்காப்பி குடிப்பாளுக. என் வீட்டுல பால் ஊத்தின காப்பி இருக்கு. அதை விட்டுட்டு.

நானும் நல்ல விதமா எடுத்துச் சொன்னேன்மா. பட்டாளத்துக்காரன் பிடிச்சவன் எவன் திரும்பி வந்திருக்கான்? வந்து இறங்குற சனமே சொல்லுதே. ஒருத்தி கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுத்ததைப் பாக்க வேணாமா? பச்சப்பிள்ளை இருக்கு. அவளுக்கு நான் இருக்கேன். எனக்கு அவ இருக்கா. வேற என்ன வேணும்?

அவ பேச்சு மட்டும் எப்பவும் ‘இருக்கார்’னுதான். “அவருக்குப் புளி கூடினாச் சரிவராது அக்கா.” “அவர் இரவில வெளிச்சம் இல்லாமப் படுக்க மாட்டார்.” நான் பேச்சோட பேச்சா, ‘புளி பிடிக்காதாக்கும் அவருக்கு, பாவம், நல்ல மனுசனா இருந்திருப்பாரு’ம்பேன். உடனே அடுப்பைப் பாக்கப் போயிருவா.

பிள்ளைக்கு நான் செபம் சொல்லிக் குடுத்தேன். அழகா கையைக் கூப்பிக்கிட்டு, “மாதாவே, அப்பா கெதியா வரோணும்”னு சொல்லும். கெதியான்னா அவுக பேச்சுல சீக்கிரம். எத்தனை நாளைக்குப் பிள்ளையை ஏமாத்துறது? “அப்படிச் சொல்லக் கூடாது தங்கம். அப்பாவோட ஆத்துமா இளைப்பாறணும்னு சொல்லு”ன்னு திருத்துனேன். அதுக்கு என்ன தெரியும், நான் சொன்னபடியே சொல்லுச்சு. அடுப்படியில தட்டு விழுந்த சத்தம் கேட்டுச்சு. போயிப் பாத்தா, தவமலர் கீழ சிந்தின சோத்தைப் பொறுக்கிக்கிட்டிருக்கா. “கை வழுக்கிட்டுது அக்கா”ன்னா.

நவம்பர் மாசம் எங்களுக்கு ஆத்துமாக்கள் மாசம்மா. செத்தவுக பேருக்குப் பூசை குடுப்போம். உபதேசியாரு பீடத்துக்குப் பக்கத்துல நின்னு ஒவ்வொரு பேரா வாசிப்பாரு. எங்க அப்பா பேரு, ஆத்தா பேரு, எங்க மாமனாரு பேரு எல்லாம் நான் வருசம் தவறாம குடுப்பேன். அந்த வருசம் குடுக்கிறப்ப எனக்கு ஒரு நினைப்பு வந்துச்சு. இவ புருசனுக்கு யாரு இருக்கா? அடக்கம் பண்ணக் கிடைக்கல, ஒரு மெழுகுவத்தி பொருத்த ஆளில்ல. நம்ம குடுப்போம். வேற மதத்து ஆளா இருந்தா என்ன, எல்லா ஆத்துமாவும் ஆண்டவருக்குத்தான். சாமியாருகூட ஒரு மாதிரி யோசிச்சாக. “அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டியா பெர்பெத்து?”ன்னாக. “அவதான் சாமி கேட்டா”ன்னுட்டேன். இதுக்கெல்லாம் போயிக் கேக்க முடியுமா? கேட்டா வேணாம்பா. பிறந்தநாளைக்குப் பரிசு குடுக்கிறவுக கேட்டுக்கிட்டா குடுக்கிறாக?

அவகிட்ட ஒண்ணும் சொல்லல. நல்ல சேலையா எடுத்துக் கட்டச் சொல்லி, கூட்டிட்டுப் போனேன். நான் முன்னால, பாட்டு எடுத்துக் குடுக்கிறது நான்தானே. அவ பிள்ளையோட கதவோரத்துல. உபதேசியாரு வாசிக்கிறாரு. எங்க அப்பா பேரு வந்துச்சு, ஆத்தா பேரு வந்துச்சு. அப்புறம், “இலங்கை மன்னாரைச் சேர்ந்த குணரட்ணம்.” கணீர்னு வாசிச்சாரு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. எப்படிப் பூரிச்சுப் போயிருப்பாளோன்னு திரும்பிப் பாக்கிறேன். அவ எந்திரிச்சு நிக்கிறா. எல்லாரும் முழங்கால் போட்டிருக்காக, இவ மட்டும் மரம் மாதிரி நிக்கிறா. பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வெளிய போயிட்டா.

பூசை முடிஞ்சு ஓட்டமா வீட்டுக்கு வந்தேன். அவ கொண்டுவந்த பையை எடுத்து வச்சிருக்கா. என் சேலையை மடிச்சுப் பாய் மேல வச்சுட்டு, வந்தப்ப கட்டியிருந்த அந்தப் பழைய சேலையைக் கட்டியிருக்கா.

“என்னத்தா இது? எங்க போற?”

“அவர் சாகேல்ல அக்கா.”

அவ்வளவுதான் சொன்னா. ஒரு கோபம் இருக்கணுமே, ஒரு சத்தம்? ஒண்ணும் கிடையாது. நான் வாசல்ல நின்னு மறிச்சேன். “உனக்காகத்தானடி செஞ்சேன். ஊரே உங்களைச் சந்தேகமாப் பாக்குறப்ப நான்தானடி வீட்டுக்குள்ள விட்டேன்.” “அதை நான் மறக்க மாட்டன் அக்கா”ன்னு கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. ஒத்திட்டு, பக்கவாட்டுல ஒதுங்கிப் போயிட்டா.

எங்க போனாங்கிற? சைத்தூன் வீட்டுக்கு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. இந்துச்சி, கோயிலு பிடிக்கல, அப்படின்னா காளியம்மன் கோயில் தெருவுக்குப் போ, உன் சனம் இருக்கு. மாதாவை விட்டுட்டு அல்லா வீட்டுக்குப் போறாளே, அது என்ன கணக்கு? ஊரு கேக்காதா? கேட்டுச்சு. ஜமாத் தலைவரே சைத்தூன் வீட்டுக்குப் போயி, “எதுக்கு இந்த வம்பு? பொம்பளை தனியா இருக்கிற வீடு, போலீசு வரும்”னு சொன்னாராம். சைத்தூன், “வந்தவளைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல மாமா. அந்தா உக்காந்திருக்கா, நீங்களே சொல்லிருங்க”ன்னாளாம். அவரு பாத்திருக்காரு. நேரா வீட்டுக்குப் போயி ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்தனுப்பியிருக்காரு.

இன்னொண்ணு கேளு. சைத்தூன் அஞ்சு நேரம் தொழுகிறவ. அவ வீட்டு வெளியறை மாடக்குழியில இவ பிள்ளையார் படம் வச்சு விளக்குப் பொருத்துறா. சைத்தூன் ஒண்ணும் சொல்லலயாம். காத்துக்கு விளக்கு அணையுதுன்னு தகரத்தை வளைச்சு மறைப்பு வேற வச்சுக் குடுத்தாளாம். கடலுக்குப் போற ஆள்கள்ட்டயெல்லாம் சொல்லி வச்சிருக்கா. “குணரட்ணம்னு ஒருத்தர், நெத்தியில தழும்பு இருக்கும், பாத்தா என் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அவுக வீட்டம்மாவும் பிள்ளையும் இங்கதான் இருக்காகன்னு சொல்லுங்க.” எங்க வீட்டுக்காரர்கிட்டயே சொல்லியிருக்கா. இவுகளும் சரின்னு தலையை ஆட்டிட்டு வந்திருக்காக. ஒருத்தி பைத்தியத்துக்கு ஊரே தாளம் போடுது பாரு. அவரு புளி சாப்பிட மாட்டாருன்னு சைத்தூனே குழம்புக்குப் புளியைக் குறைச்சுட்டாளாம். வராத மனுசனுக்கு.

நான் அந்தப் பக்கம் போறதை விட்டுட்டேன். மீன் எடுக்கக் கரைக்குப் போனாக்கூட சுத்திப் போவேன்.

பொங்கல் கழிஞ்சு கொஞ்ச நாள்ல ஒரு போட்டு வந்துச்சு. அதுல தவமலரோட ஊர்க்காரரு ஒருத்தர் இருந்தாரு. கரையில எங்க வீட்டுக்காரரு இருக்கிறப்பத்தான் சொல்லியிருக்காரு. பிடிச்ச அன்னைக்கே சுட்டுப்போட்டானுகளாம். இவ இங்க மணல்ல வந்து உக்காந்தப்பவே அந்த ஆள் உயிரோட இல்ல. இவுக வீட்டுக்கு வந்து சொல்றாக, தட்டுல சோறு போட்டுக்கிட்டே நான் கேட்டேன், “நான் சொன்னேனா இல்லையா?”

இவுக என்னை ஒரு பார்வை பாத்தாக. சோத்தைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. எனக்கு எதுக்குன்னே விளங்கல. நான் சொன்னது சரியா, இல்லையா? சரிதானே?

மனசு கேக்காம போனேன். சைத்தூன் வீட்டு முற்றம் முழுக்கப் பொம்பளைகள். மூணு தெருவும் அங்கதான் கிடக்கு. நான் போயித் தவமலரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். அவ அழல. என் முதுகைத் தடவிக் குடுத்தா. யாரு வீட்டு எழவுல யாரு யாரைத் தேத்துறது, நீயே சொல்லு. நெத்தியில பொட்டு அப்படியே இருக்கு. யாரும் அதைப் பத்திப் பேசல. நானும் பேசல. பேசியிருந்தா அதுக்கும் ஒண்ணு சொல்லியிருப்பாக.

பிறகு கொஞ்ச நாள் கழிச்சு என் வீட்டுக்கு வந்தா. தனியா வந்தா. வாசல்லயே நிக்கிறா. உள்ள வான்னேன். வரல.

“அக்கா, ஒரு உதவி கேட்டு வந்தனான்.”

“சொல்லு.”

“அவற்ற உடம்பு கிடைக்கேல்ல. கொள்ளி வைக்க, காடாத்த ஒண்டுமில்ல. அண்டைக்குக் கோயில்ல அவற்ற பேரைச் சொல்லேக்க நான் எழும்பிப் போயிட்டன். இப்ப இருந்து கேக்கோணும்போல கிடக்கு. இன்னொருக்காச் சொல்லச் சொல்லி சாமியாரிட்டக் கேப்பீங்களா?”

பாத்தியா? அன்னைக்கு நான் செஞ்சப்ப விசம் மாதிரி இருந்துச்சு. என்னைச் சந்தி சிரிக்க வச்சுட்டுப் போனா. இப்ப வேணுமாம். நான் கோவிச்சுக்கிட்டெல்லாம் சொல்லலம்மா. உள்ளதைச் சொன்னேன். “அவருக்குத்தான் ஒருதடவை பூசை வச்சாச்சேத்தா. அது போயிச் சேந்துரும். ஒரே ஆத்துமாவுக்கு எத்தனை தடவை? அன்னைக்கே நீ இருந்து கேட்டிருக்கணும்.”

அவ நிலைக்கதவுல கையை வச்சுக்கிட்டு நின்னா. “சரி அக்கா”ன்னுட்டுப் போயிட்டா.

நான் சொன்னதுல தப்பு ஏதும் இருக்கா? ஏன் பேசாம இருக்க? தப்புன்னா தப்புன்னு சொல்லு.

சரி, முடிக்கிறேன். அந்த வாரத்துலயே, விடியக்காலைப் பூசை. நான் முன்னால என் இடத்துல. உபதேசியாரு பேரு வாசிக்கிறாரு, வழக்கமா வர்ற ரெண்டு மூணு பேரு. பிறகு, “குணரட்ணம்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் குடுக்கலையே. யாரு குடுத்தா? நெனச்சு முடிக்கல, பின்னால இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அழுகைன்னு சொல்ல முடியாது. மூச்சை ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்து விட்டா எப்படி வரும், அப்படி. வந்து இறங்கின நாள்ல இருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்ல. என் வீட்டுல இருந்த வரைக்கும் தவமலர் ஒருநாள்கூட அழுததில்ல. கூடவே இன்னொரு குரல், “அழு புள்ள, அழு”ங்குது. அது யாருன்னு திரும்பிப் பாக்கவா வேணும்? சைத்தூன். எங்க கோயில்ல. துப்பட்டியைப் போத்திக்கிட்டு, கதவோரத்துல உக்காந்திருந்தாளாம்.

அப்புறம் தெரிஞ்சுச்சு. சைத்தூன்தான் சாமியார் பங்களாவுக்குப் போயிருக்கா. “எனக்கு உங்க மொறை தெரியாது சாமி. அந்தப் புள்ள புருசன் பேரை ஒருக்கா சத்தமாச் சொல்லணும், நாங்க உக்காந்து கேக்கணும்”னாளாம். சாமியாரு அவளை வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சாகளாம். எங்க கோயிலு. என் பங்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

நான் திரும்பல. முன்னால நிக்கிறவ திரும்பிப் பாக்கலாமா? பேரு வாசிச்சதும் பாட்டு எடுக்கணும். சனம் காத்திருக்கு. நான் வாயைத் தொறக்கிறேன், சத்தம் வரல. காத்துதான் வருது. கடைசியில பக்கத்துல நின்ன லூர்தம்மா எடுத்துட்டா, அபசுரமா. பூசை முடிஞ்சு நான் வெளிய வர்றதுக்குள்ள அவளுக ரெண்டு பேரும் மணல்ல பாதித் தூரம் போயிட்டாளுக. பிள்ளை நடுவுல. கூப்பிட்டிருந்தா நின்னிருப்பாளுக, அவ்வளவு தூரந்தான்.

சாமியாரு கேட்டாக, “ஏன் பெர்பெத்து, இன்னைக்குப் பாட்டு எடுக்கல?” தொண்டை கட்டிக்கிச்சு சாமின்னேன்.

அடுத்து கொஞ்ச காலத்துலயே வெளிய இருக்கிறவுக எல்லாம் முகாமுக்குப் போகணும்னு சொல்லிட்டாக. போனா. நீ பாத்த அதே கேட்டுக்குள்ளதான். வாரம் தவறாம சைத்தூன் பஸ்ஸேறிப் போயிப் பாத்துட்டு வருவா. சண்டை ஓஞ்ச பிறகு தவமலர் தன் ஊருக்கே திரும்பிட்டா. நிரோஜா டீச்சரா இருக்காளாம். சைத்தூனுக்கு போன் வருது. போன் வர்றப்பல்லாம், “பெர்பெத்து அக்கா சுகமா இருக்கிறாவா?”ன்னு கேக்கிறாளாம். என்கிட்டயும்தான் போன் இருக்கு. சைத்தூன்கிட்ட என் நம்பர் இருக்கு. வாங்கி நேரா கேக்க வேண்டியதுதானே. நானா? நான் எதுக்கு மொதல்ல கூப்பிடணும்?

இப்பவும் கோயில்ல பாட்டு எடுக்கிறது நான்தான். கிறிஸ்மஸ் பாட்டு, திருநாள் பாட்டு எல்லாம் நல்லாத்தான் வரும். செத்தவுக பேரு வாசிக்கிற பூசைக்கு மட்டும் தொண்டை கட்டிக்கிருது, லூர்தம்மா மகளை எடுக்கச் சொல்லிர்றது. ராமநாதபுரத்துல பெரிய டாக்டர்கிட்டக் காட்டிட்டுத்தான் இப்ப திரும்பி வர்றேன். வாய்க்குள்ள லைட்டெல்லாம் அடிச்சுப் பாத்தாரு. ஒண்ணுமில்ல பாட்டிங்கிறாரு.

ஒண்ணுமில்லைன்னா எப்படி இல்லாம இருக்கும்? தொண்டைதாம்மா. வேற என்ன.